புளி போட்டுக் கழுவிய காசுகள்

பழைய காசு சேர்ப்பவர்களிடம் 'புளி' என்று சொல்லிப் பாருங்கள். முகம் வாடிவிடும்! எனக்கே இது போன மாதம்தான் தெரிந்தது.

என் தாய்மாமா காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. வாரமெல்லாம் மில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் கரூர் பஸ் — இப்படித்தான் வாழ்ந்தார் மனிதர். அமராவதி ஆற்று மணலில் கிடைக்கும் பழங்காலச் செப்புக் காசுகளை வாங்கி வருவார். பெரும்பாலும் தேய்ந்துபோனவை. பிள்ளைகள் இல்லை. 'இதெல்லாம் மருமகனுக்கு' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மருமகன் என்றால் நான்தான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் அத்தை, காசு டப்பாவைக் கொடுக்கும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அதில் ஒரு காசை மாமா எப்போதும் சட்டைப் பையிலேயே வைத்திருப்பாராம். அத்தை பேச ஆரம்பித்தால் போதும், அதை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே 'உம்' கொட்டுவாராம். கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தானாம். அவர் போன பிறகு அதையும் டப்பாவில் போட்டுவிட்டார் அத்தை.

"அது ஒண்ண மட்டும் கண்டுபுடிச்சுக் குடு கண்ணு. மத்ததெல்லாம் நீயே வெச்சுக்கோ."

இது என்ன பெரிய வேலை? கை பட்டுக் கறுத்த காசு தனியாகத் தெரியாதா? டப்பாவைத் திறந்தேன்... புதுச் செம்புக் குடம் மாதிரி அத்தனையும் பளபளத்தன.

"அழுக்கோட எப்படிக் குடுக்கறதுன்னு புளி போட்டுக் கழுவிப்போட்டேன்" என்றார் அத்தை, தரையைப் பார்த்துக்கொண்டு.

பூஜைக்குக் குத்துவிளக்கு தேய்க்கும் அதே அக்கறை! கழுவி முடித்த பிறகுதான், அந்த ஒரு காசும் கூட்டத்தில் கலந்துபோனது அவருக்கு உறைத்திருக்கிறது. எனக்குக் கோபமே வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் வந்திருக்காது.

உக்கடத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜாபர் பாய் என் நண்பர். பழைய காசு என்றால் உயிர். டப்பாவைப் பார்த்ததும் ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாம், ஆனால் பழைய காசின் மேல் படிந்த பச்சைதான் அதன் சட்டை, அதை உரிக்கவே கூடாது என்றார் வருத்தத்தோடு. அப்புறம் என்ன நினைத்தாரோ, ஞாயிற்றுக்கிழமை லென்ஸோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

யானை தெரிந்தால் ஒரு தட்டு. வில் அம்பு தெரிந்தால் இன்னொரு தட்டு — அது சேரர் காசாம். எதுவுமே தெரியாத மொட்டைக் காசுகளுக்குத் தனித் தட்டு. அத்தையின் காசு மொட்டைகளில்தான் இருக்கும் என்று நான் அதையே கிண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பாய், வில் அம்புத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஆத்து மணலு ரெண்டு பக்கமும்தானுங்க தேய்க்கும். இது ஒரு பக்கம் மட்டும் வழுவழுன்னு இருக்குது. அந்தப் பக்கம் வில்லு அப்படியே நிக்குது பாருங்க."

அன்று மாலையே இருவரும் அத்தை வீட்டுக்கு ஓடினோம். அத்தை காசைக் கையில் வாங்கவில்லை. என்னையே தேய்த்துக் காட்டச் சொன்னார். எனக்கு அப்படியே மாமாவின் கை என்று வீட்டில் சொல்வார்கள். வழுவழுப்பான பக்கத்தில் என் கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது. இரண்டு தடவை தேய்த்திருப்பேன்.

"அதேதான் கண்ணு" என்றார் அத்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாய்க்குக் காபி போட உள்ளே போனார்.

மற்ற காசுகளை ஆல்பத்தில் அடுக்கிவிட்டோம். மாமாவுக்கு நன்றி. பாய்க்கு நன்றி. ஏன், அந்தப் புளிக்கும்கூட நன்றி! அது மட்டும் இல்லையென்றால் அத்தை தன் காசைத் தானே எடுத்துக்கொண்டிருப்பார். நானும் டப்பாவைப் பரணில் போட்டுவிட்டு, மாமாவை மறந்து பிழைப்பைப் பார்த்திருப்பேன். சொத்து வருவது பெரிதில்லை, அதை உட்கார்ந்து பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருக்கிறதே!

போன வாரம் அத்தைக்கு போன் போட்டேன். ஊர்க் கதை, ஆபீஸ் கதை எல்லாம் அளந்தேன். அந்தப் பக்கம் 'உம்' மட்டும்தான் வந்தது. சந்தேகப்பட்டு, அந்தக் காசை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கையிலதான் இருக்குது. நீ பேசு கண்ணு."

அவ்வளவு நீளமாகவா பேசிவிட்டேன்?