எல்லா வள்ளமும் நீலமான மாதம்

நாலு வயது முடிவதற்குள் என் மகளுக்கு வாசிக்கத் தெரிந்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். சொன்னதோடு விட்டேனா? சாயங்காலமானால் கடற்கரைக்குக் கூட்டிப்போய் நிரூபித்தும் காட்டுவேன். மணலில் வரிசையாக ஏற்றிவைத்திருக்கும் ஃபைபர் வள்ளங்களுக்கு முன்னால் அவளை நிறுத்தி, "இது என்னளா?" என்பேன். முகப்பில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து, "அலைமகள்" என்பாள். அடுத்தது "விடிவெள்ளி". அதற்கும் அடுத்தது "கடல் மகள்", அது எங்கள் வள்ளம். பதினோரு வள்ளத்தையும் ஒரு பிசகில்லாமல் சொல்லி முடிப்பாள். வலையில் சிக்கிய மீனைக் கழித்தெடுத்துக்கொண்டிருக்கும் கூட்டாளிகள் வாயைப் பிளப்பார்கள். அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று மணிக்கொரு தடவை எண்ணிப் பார்த்தவன் நான்.

அதனால் எல்.கே.ஜி. மிஸ் கூப்பிட்டு விட்டபோது பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் போனேன்.

"அண்ணே, பிள்ளைக்கு ஒரு எழுத்துகூட அடையாளம் தெரியல. பென்சிலப் பிடிச்சா வெறும் கோடுதான் வருது. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள தேறலன்னா, இன்னொரு வருஷம் எல்.கே.ஜி.யிலயே இருக்கட்டும்."

பக்கத்தில் நின்ற மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கூட்டாளி உண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஆட்டோவில் ஒன்றாகப் போய், ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டு, ஒன்றாகவே திரும்பி வருகிறவர்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "யப்பா, அப்ப அவ மட்டும் யு.கே.ஜி. போயிருவாளா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த மிஸ்ஸுக்குத்தான் பிள்ளைகளிடம் கேட்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். உடனே போன் போட்டு, "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு கடற்கரைக்கு வாங்க மிஸ், எம்மவ வாசிக்கத நீங்களே பாருங்க" என்றேன். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அந்த வாரம் கோயில் திருவிழா. இந்த வருஷம் எல்லா வள்ளமும் ஒரே நிறத்தில் நிற்கட்டும் என்று ஊரில் முடிவாகி, பதினொன்றுக்கும் நீலப் பெயிண்ட் அடித்து, வெள்ளையில் பெயர் எழுதியிருந்தோம். நானும்தான் பிரஷ்ஷைப் பிடித்தேன். பெயிண்ட் காயும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. வரப்போவது என்னவென்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மிஸ் வந்தார். மகள் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். "யப்பா, நம்ம ஊரு வள்ளமெல்லாம் எங்க?" என்றாள். நான் சிரித்துவிட்டு முதல் வள்ளத்தைக் காட்டினேன். "விடிவெள்ளி" என்றாள். அது அலைமகள். அடுத்ததற்கு வாயே திறக்கவில்லை. "சரி, நம்ம வள்ளம் எதுன்னு காட்டு" என்றேன். ஓடிப்போய் யாருடைய வள்ளத்தையோ தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ, அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நெறத்த வச்சுல்லா இத்தன நாளும் சொல்லியிருக்கா" என்றார் மிஸ், மெதுவாக.

வீட்டில் நோட்டும் பென்சிலுமாக உட்கார வைத்தேன். பென்சில் முனை முறிந்தது, அப்புறம் என் பொறுமையும். ஒரு தடவை கத்தியே விட்டேன். பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, கடலுக்குப் போகும் அவசரத்தில் என் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைப் பக்கத்து வள்ளத்தில் வைத்துவிட்டேன். அந்த வள்ளக்காரன் நடுக்கடலில் என் பொரித்த மீனைத் தின்றுவிட்டு, "ஏலே, ஒம் பொண்டாட்டி கைப்பக்குவம் பிரமாதம்" என்று போனில் சொன்னான். பசியோடு உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. இருபது வருஷமாக நானும் நிறத்தைப் பார்த்தே ஏறியிருக்கிறேன். ஒரு வள்ளத்தின் பெயரையும் வாசித்ததில்லை. பிள்ளை என்னிடம் படித்ததைத்தான் செய்திருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் பழைய நங்கூரக் கயிற்றை எடுத்து மணலில் 'ப' போட்டேன். "இது மேல நடந்து வா" என்றேன். கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, இறங்கி, திரும்பி, ஏறி வந்தாள். முகத்தில் சிரிப்பு. அடுத்த நாள் 'ட'. அதற்கடுத்த நாள் 'ம' போட்டபோது பெரிய ரகளை. எந்தப் பக்கம் ஆரம்பிக்க வேண்டும் என்று வலை கழித்துக்கொண்டிருந்த நாலு ஆம்பிளைகள் சண்டை போட்டார்கள். "மேலருந்துலா கீழ வரணும், இவன் எங்கன படிச்சான்?" என்று ஒருத்தன் எழுந்தே வந்துவிட்டான். ஒரு வாரத்தில் எட்டுப் பிள்ளைகள் கயிற்றின் மேல் வரிசையாக நடந்தன. 'இ'க்குக் கயிறு பற்றாமல் இன்னொருத்தன் கயிற்றையும் சேர்த்து முடிந்தோம். புள்ளி வந்தால் ஒரு குதி குதிக்க வேண்டும். அந்தச் சட்டம் என் மகள் போட்டது.

அப்புறம் கயிற்றை எடுத்துவிட்டோம். வெறும் மணலில் காலால் எழுதினாள், பிறகு விரலால். கடைசியில், அவளாகவே கேட்டு, பென்சிலால்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை மிஸ் மறுபடியும் கடற்கரைக்கு வந்தார். வள்ளங்கள் அதே நீலத்தில், திருவிழாவுக்குப் பின் வரிசை மாறி நின்றன. நான் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். மகள் முதல் வள்ளத்தின் முன்னால் நின்று, எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் காலால் மணலில் கோடு இழுத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள். கொம்பும் சுழியும் வந்த இடத்தில் தடுமாறினாள். இரண்டாவது. மூன்றாவது.

"போதும்ளா, யு.கே.ஜி.க்கு வந்துரு" என்றார் மிஸ்.

அவள் நிற்கவில்லை. நாலாவதும் ஐந்தாவதும் தாண்டிப் போனாள். ஏழாவது வள்ளத்தின் முன்னால் கால் 'க' போட்டது. 'ட' போட்டது. 'ல' போட்டு ஒரு குதி. அப்புறம் 'ம', 'க', 'ள', இன்னொரு குதி. குதித்த வேகத்தில் வள்ளத்தின் மேல் இரண்டு கையையும் வைத்து, "யப்பா, இதான் நம்ம வள்ளம்!" என்று கத்தினாள்.

மிஸ்ஸுக்கு முன்னால் அழக்கூடாது என்று நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது லீவு நாளில் மத்தியானம் கடலுக்குக் கிளம்பும்போது தூக்குச்சட்டியை அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். சரியான வள்ளத்தில் வைத்துவிடுவாள்.