பெருமுக்கலில் ஒரு துறைமுகம்

ஆகஸ்ட் பதினைந்து, காலை 6.10. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டி ஏறும்போது என் கையில் ஒரு பையும் குடையும்தான். திரும்பும்போது மூன்றடிக்கு இரண்டடியில் ஓர் ஓவியமும் இருந்தாக வேண்டும். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் அதைப் புதுச்சேரிக் கண்காட்சிக் கூடத்தில் சேர்க்காவிட்டால், எனக்கென்று ஒதுக்கிய நடுச்சுவர் வேறு ஆளுக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் வாழைப்பழமும் குடமும் வரையச் சொல்லிக்கொடுத்தே ஐம்பத்தொரு வயதாகிவிட்ட எனக்கு முதல்முதலாகக் கிடைத்த சுவர் அது. விடுவேனா?

முப்பத்தெட்டு கிலோமீட்டர், நாற்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியோரம் காகிதக் கொடி செருகியிருந்தார். அது படபடத்துக்கொண்டே வந்தது. எனக்கு அந்த ஓவியம் நினைவுக்கு வந்தது. இருபத்து நான்கு வயதில், இதே போன்றொரு சுதந்திர தினத்தில், கடலூர் துறைமுகத்தில் உட்கார்ந்து வரைந்தேன். விசைப்படகுகளில் எல்லாம் கொடி கட்டியிருந்தார்கள். அப்போது எனக்கு நவீன ஓவியப் பித்து. தண்ணீருக்கு மஞ்சள் பூசினேன். மனிதர்களெல்லாம் ஒற்றைக் கோடு. படகைவிடக் கொடி பெரிது, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், மூன்று வண்ணத் தீற்றல், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அத்தனை துணிச்சலாக நான் எதையும் வரைந்ததில்லை. அதைத் தூக்கி, ஆசிரியர் பயிற்சி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த ஸ்டெல்லாவுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டேன். அவளிடம் அதை இரவல் வாங்கத்தான் இப்போது போகிறேன்.

7.20. திண்டிவனத்தில் மரக்காணம் போகும் நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை. அரை மணி நேரத்தில் பெருமுக்கல் மலை தெரிந்தது. கோயிலைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும் மொட்டைப் பாறை. சுற்றிலும் நெல், இந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை.

8.00. ஸ்டெல்லா காலனி முனையிலேயே நின்றிருந்தாள். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். உடம்பு பெருத்திருக்கிறது, வாய் அப்படியே இருக்கிறது.

“ஏண்டி, படம் வேணும்னாத்தான் வருவியா? ஜல்தி வா, கொடி ஏத்தப் போறாங்க.”

கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் சாமந்தி மாலையோடு என் துறைமுகம். வருஷா வருஷம் இப்படித்தான் வெளியே கொண்டுவந்து வைப்பார்களாம். நெஞ்சு நிறைந்துபோய் கிட்டே போனேன். போனதும் திக்கென்றது. கொடிகளில் எல்லாம் சக்கரம்! நீலப் பால்பாயிண்ட் பேனாவால், கச்சிதமாக, ஆரம் ஆரமாக.

“எவன் இந்த வேலையப் பண்ணது?” கத்தியேவிட்டேன்.

“நான்தாங்க டீச்சர்” என்றார் அருள். ஸ்டெல்லாவின் கணவர், டிராக்டர் ஓட்டுகிறார். “சட்டை பித்தான வெச்சி வட்டம் போட்டேன். ஒவ்வொண்ணுலயும் இருபத்திநாலு இருக்கும், எண்ணிப் பாருங்க.”

“இத எப்படிங்க நான் கண்காட்சியில மாட்டுவேன்? நாசம் பண்ணி வெச்சிருக்கீங்களே!”

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஸ்டெல்லா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாய மூடுடி. மொத வருஷம் இத இங்க வெச்சப்போ ஊர்த்தெருவுலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. ‘சக்கரம் இல்லாத கொடிய வெச்சிக்கினு சுதந்திர தினமா? ஒங்களுக்கெல்லாம் கொடியப் பத்தி இன்னா தெரியும், எடுங்கடா’ன்னாரு. ஜனமெல்லாம் பாத்துக்கினு நிக்குது. இவரு அத உள்ள எடுத்துக்கினு போயிட்டாரு. அடுத்த வருஷம் சக்கரத்தோட வெச்சாரு. அதே ஆளு வந்து எண்ணிப் பாத்துட்டுப் போனாரு. அப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

கொடி ஏறியது. எல்லோரும் பாடினார்கள்; நான் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினேழு கொடிகளில் பதினாறில் சக்கரம். மூலையில், காற்றில் மாலை விலகியதும் தெரிந்த ஒரு சின்னப் படகின் கொடியில் மட்டும் இல்லை.

“இது மறந்துபோச்சுங்களா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

அருள் தலையைச் சொறிந்தார். “இல்லீங்க. இது ஒண்ணாவது நீங்க போட்டபடியே இருக்கட்டும்னு வுட்டேன். மாலைய இதும்மேல வர்ற மாதிரி போட்டுட்டா யாருக்கும் தெரியாது.”

வெட்கமாகிவிட்டது எனக்கு. மன்னிப்புக் கேட்டேன். “அட வுடுங்க டீச்சர்” என்று சொல்லி, வேகவைத்த மல்லாட்டையை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

10.30. ஸ்டெல்லா தன் கல்யாணப் புடவையில் படத்தைச் சுற்றிக் கொடுத்தாள். “அடுத்த ஆகஸ்ட்டுக்குள்ள திரும்பி வரணும், சொல்லிட்டேன்” என்றாள். சத்தியம் செய்துவிட்டு வந்தேன். விழுப்புரத்தில் என் வீட்டுப் பரணில் முப்பது படங்கள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட இறக்கிக் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. என் படம் திரும்பி வர வேண்டும் என்று கேட்டது இவள் ஒருத்திதான்.

12.15. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வண்டி. படத்தைச் சீட்டில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். மயிலம் தாண்டியதும் புடவை நழுவியது. டிக்கெட் கொடுக்க வந்த நடத்துநர் குனிந்து பார்த்தார், நெடுநேரம் பார்த்தார்.

“சூப்பரா இருக்குதும்மா. எல்லாம் கரெக்டா போட்டுக்கினு வந்து, இந்த மூலைக் கொடியில மட்டும் சக்கரத்த வுட்டுட்டாங்களே” என்று சொல்லி, பையிலிருந்த நீலப் பேனாவை எடுத்து நீட்டினார்.

“வேணாங்க” என்றேன். “அது ஒண்ணுதான் நான் வரைஞ்சது.”