என் இடுப்பில் தொங்கிய மோட்டார்

கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. அங்கே குதிகாலில் மட்டைச் சிராய் ஏறியது எனக்குத் தெரியவே இல்லை. சர்க்கரைக்காரியின் காலுக்குச் சொரணை ஏது? புண் குழிந்து நாற்றமெடுத்த பிறகுதான் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அழுகிய சதையை வெட்டியெடுத்த டாக்டரம்மா, இனியும் ஆறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வரும் என்றார்.

"எங்கால நாங் குடுக்க மாட்டேனுங்க," என்றேன்.

புண்ணுக்குள் ஸ்பாஞ்சு வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைக் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு குழாயால் சின்ன மெஷினோடு இணைத்தார்கள். அது கெட்ட நீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் சதை வளருமாம். மெஷினைப் பையில் போட்டு என் இடுப்பில் மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ராத்திரி பகல் நிறுத்தவே கூடாது என்று நர்ஸ் சொன்னதற்கு என் வீட்டுக்காரர் பலமாகத் தலையாட்டினார்.

ஒரு நாள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்தால் மெஷினில் சத்தமே இல்லை.

"ஏனுங்க, இத ஆரு நிறுத்துனது?"

"நாந்தா அம்மிணி. காத்தாலருந்து ஓடீட்டே கெடக்குது. கொஞ்சம் ஆறட்டும்னு ஆஃப் பண்ணுனே. இல்லீன்னா உள்ள மோட்டார் காயில் எரிஞ்சு போயிருமல்லோ?"

கிணற்று மோட்டாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஓய்வு கொடுத்தே பழகிய மனுஷன். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை!

"அட கெரகமே! எங்கால் போச்சுன்னா நீங்களா என்னத் தூக்கீட்டுத் திரிவீங்க?"

"தூக்குவேன்," என்றார். அந்தப் பதிலில் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. என்னை எவரும் தூக்க வேண்டாம், நான் நடப்பேன்.

வெகுநேரம் நின்றுபோனதால் பழைய கட்டைப் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும் என்று நர்ஸ் போனில் சொன்னாள். கொளுத்தும் வெயிலில் ஆட்டோ பிடித்துப் போனோம். அதற்குப் பிறகு சார்ஜ் போடுவதை நானே பார்த்துக்கொண்டேன். குதிகாலைத் தரையில் வைக்கவில்லை. தம்பி மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. அவன் கோபித்துக்கொண்டான், கோபித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து டாக்டரம்மா ஸ்பாஞ்சை உரித்தபோது, குழி பாதிக்கு மேல் தூர்ந்து, சிவப்பாக ரத்தம் துளிர்த்தது. வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, ரத்தம் வருதுங்களே!"

"வரட்டும், பேடிக்கண்டா, பயப்படாதீங்க," என்று டாக்டரம்மா சிரித்தார். "உயிருள்ள சதையிலதான் ரத்தம் வரும். இனிக் கால எடுக்க வேண்டாம்."

நான் வாய்விட்டு அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை. வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து என் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கட்டுப் போட வேண்டும், விடுங்கள் என்று நர்ஸ் எத்தனையோ தரம் சொல்லியும் அவர் விடவில்லை.