மல்லாட்டைத் தோலில் கிளம்பிய பஸ்

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில், கரியை எரித்து ஓட்டிய பஸ்ஸுக்கு நான் கண்டக்டர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஐப்பசி மழையில் அதை இறங்கித் தள்ளியவர்களில் நீங்களும் ஒருவரென்றால், "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று நான் சொன்னதையெல்லாம் மன்னித்துவிடுங்கள்.

ஒரே குடை

பஸ் கூரை ஏழெட்டு இடத்தில் ஒழுகும். மயிலம் கோயிலுக்குப் போகிற பெரியவர் ஒருவர் உள்ளேயே குடையை விரித்தார். வழிந்த தண்ணீரெல்லாம் பக்கத்துச் சீட்டுக்காரர் மடியில். அவர் என்னிடம் முறையிட்டார். நான் குடையை மடக்கச் சொன்னேன். பெரியவர் மடக்கவில்லை, நெருங்கி உட்கார்ந்து அவருக்கும் சேர்த்துப் பிடித்தார். கூட்டேரிப்பட்டில் பெரியவர் இறங்கியபோது முறையிட்டவருக்கே முகம் வாடிவிட்டது. "இன்னாங்க, அதுக்குள்ள எறங்கிட்டீங்க? விழுப்புரம் வரைக்கும் வந்துட்டுப் போறது!"

மேடு

மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். ஒரு குமாஸ்தா மட்டும் அசையவில்லை. டிரைவர் காதர் பாய் திரும்பிப் பார்த்தார். "உக்காருங்க சார். தள்றவங்க உங்களையும் சேத்துத் தள்ளிக்கினு வருவாங்க."

கார்டு

ஒரு திங்கட்கிழமை கூட்டேரிப்பட்டில் கூலிவேலை செய்கிற அம்மாள் ஒருத்தி ஏறினாள். மடியில் வறுத்த மல்லாட்டை மூட்டை; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முந்தானையை அதற்குச் சுற்றிவிட்டுத் தான் நனைந்திருந்தாள். பட்டாளத்திலிருந்த மகன் ஏழுமலை கார்டு போட்டிருந்தான்: பகல் பன்னிரண்டுக்கு அவர்கள் ரயில் விழுப்புரத்தில் நிற்கும். அதற்கப்புறம் எங்கே என்று எழுத அனுமதி இல்லை. அவனைப் பார்த்து இரண்டு வருஷம். "பன்னண்டுக்குள்ள போயிடுமா சாமி? ரயிலு எனக்கோசரம் நிக்காதே."

அணைந்த நெருப்பு

விக்கிரவாண்டிக்கு முன்னால் ஏரி நிரம்பி ரோட்டின்மேல் ஓடியது. பஸ்ஸின் பின்பக்கம் இருந்த கரி உலைக்குள் தண்ணீர் புகுந்து நெருப்பு அணைந்தது. தள்ளிக் கரையேற்றினோம். சீட்டுக்கடியில் காய்ந்த கரி இருந்தது, பற்றவைக்கத்தான் ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் கிடையாது, சுள்ளியெல்லாம் ஈரம். மணி பதினொன்றரை. பாய் "பேஜாரு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அம்மாள் மூட்டையை அவிழ்த்தாள். "தோலு நல்லா எரியும் சாமி" என்றாள்.

அன்றும் வந்திருந்த அந்தக் குமாஸ்தா, ஒரு வியாபாரி, நான், எல்லோரும் உட்கார்ந்து உரித்தோம். தோல் உலைக்கு, பருப்பு அவள் துணிக்கு. உலைக்குக் காற்றடிக்கும் சக்கரத்தை நான் சுற்றச் சுற்றத் தோல் எரிந்து, கரி மெல்லச் சிவந்தது. யாரோ ஒருவர் கை மட்டும் பழக்கத்தில் வாய்ப்பக்கம் போனது. பாய் அதட்டினார். "ஜல்தி கீழ போடுங்க! அது மிலிட்டரி சாமான்!"

பிளாட்பாரம்

விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. பஸ் நிற்குமுன் அவள் குதித்து ஓடினாள்; பின்னால் நான். சிப்பாய்களோடு ஒரு ரயில் நின்றிருந்தது. அதுவும் மழையில் மாட்டிக்கொண்டு அப்போதுதான் வந்ததாம். "ஏழுமல! ஏழுமல!" என்று பெட்டி பெட்டியாகக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். கடைசிக்கு முந்தின பெட்டியில் ஒரு தலை நீண்டது. மூட்டையை ஜன்னலில் திணித்து, அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். ரயில் கிளம்பிவிட்டது.

திரும்பி நடக்கும்போது, "ஒண்ணும் பேசலியேம்மா" என்றேன்.

"பேச இன்னா இருக்குது சாமி? எளைக்கல. அதப் பாத்துட்டேன்."

மழைக்காலத்தில் நேரத்துக்குப் போய்ச் சேருவது என்றால், நாம் தேடிப் போவதும் நம்மளவுக்குத் தாமதமாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.