கிழங்கின் முதுகில் வெயில்

குஞ்சு, இனி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் தரை துடைத்துக்கொண்டு நின்றபோது உன் மகள் எனக்கு ஃபோன் எடுத்தாள். "மாமி, அம்மா எங்களை விட்டுப் போட்டா" என்றாள். நான் வாளியைக் காலால் உதைத்தேன். தண்ணீர் படியெல்லாம் ஓடியது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று கேட்டவர் என் அண்ணா, குஞ்சுவின் கணவர். "ஐஸிலை சறுக்கிக் கை முறிஞ்சும் பூக்கண்டு வளத்தவ எண்டு எழுது. சனம் உருகும்."

எழுதுகிறேன், அண்ணா.

இந்த நோர்வேக் குளிரில், ரொம்சோஸில் எங்கள் மாடிக்கட்டடத்தின் அடியில் அவள் வளர்த்த தாடி ஐரிஸ் பூக்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கத்தரிப்பூ நிறம், கீழ் இதழில் மஞ்சள் தாடி. ஜூன் மாதம் படம் எடுக்காமல் போனவர்கள் குறைவு.

அவள் ஐஸில் விழவில்லை. அந்த மார்ச் மாதம் ஒரு மத்தியானம் என் கதவைத் தட்டினாள். "மச்சாள், கதவைத் திற. அடிக்கிறார்." அதற்கு முதலே அண்ணா ஃபோனில் சொல்லிவிட்டார்: "திறந்தியெண்டால் நீ எனக்குத் தங்கச்சி இல்லை." நான் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே நின்றேன். மூன்று தரம் தட்டிவிட்டுப் படியால் இறங்கிப் போனாள். வீட்டில் வைத்து அவர் அவளுடைய இடக்கையை முறுக்கி உடைத்தார். கோயிலில் உங்களுக்கெல்லாம் ஐஸ் கதை சொன்னவள் நான்தான்.

மாவுக்கட்டோடு அவள் மே கடைசி வரை ஸ்ட்ரோம்மனில் மகள் வீட்டில் இருந்தாள். பனி கரைந்ததும் நான் போய் அவளுடைய பாத்தியைப் பார்த்தேன். ஐரிஸ் கிழங்குகள் மண்ணுக்குப் பாதி வெளியே கிடந்தன. பாவம் என்று, இஞ்சிக்கு அணைப்பதுபோல மண் அணைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அவளுக்குச் செய்யாததைப் பூவுக்குச் செய்தேன்.

திரும்பி வந்தவள் ஓர் இலையைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது. கிழங்கு சீழ்போல ஒழுகி நாறியது.

"உன்ரை இரக்கத்திலை இடி விழ! இது என்ன இஞ்சியே? இதுக்கு முதுகிலை வெயில் படவேணும். மூடினால் அழுகும். நிண்டு பாராதை, கரண்டியைக் கொண்டு வா!"

மெலிந்துபோன இடக்கையால் கிழங்கை அமத்திக்கொண்டு கறிக்கத்தியால் வெட்டினாள். அழுகலைக் கரண்டியால் தோண்டித் தோண்டி எறிந்தாள். வெள்ளைச் சதை தெரியும்வரை விடவில்லை. மிஞ்சிய இலைகளை ஒரு சாணுக்கு நறுக்கினாள். என் கழுத்தைத்தான் நறுக்குகிறாள் என்று எனக்குப் பட்டது. "காயம் காயட்டும். பிறகு நடுவம்" என்றாள். கதவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பிழைத்தவை ஐந்து. அடுத்த வருடம் பூத்தன. ஏதோ கோபத்தில் அண்ணா இரண்டு தண்டுகளைச் சப்பாத்துக் காலால் மிதித்து முறித்தார். குஞ்சு மண் கிளறும் இரும்பு முள்ளை ஓங்கிக் குத்தினாள். அது சப்பாத்தின் நுனியைத் துளைத்து மண்ணில் இறங்கியது. விரல் தப்பியது.

"இது சப்பாத்து. அடுத்தது கால்."

மேல்மாடி நோர்வேக்காரி பல்கனியில் நின்று கைதட்டினாள். தமிழ் தெரியாதவளுக்கும் விளங்கிவிட்டது. அன்றோடு அவர் கை ஓங்குவதை விட்டார்.

செத்த வீட்டுக் கதையில் இது தேவையா என்று கேட்பீர்கள். மலரை அச்சுக்குக் கொடுப்பவள் குஞ்சுவின் மகள். வாசித்து முடித்துத் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு, "ஒரு வரியும் வெட்டமாட்டன், மாமி" என்றாள்.

அவளுடைய கறிக்கத்தி என்னிடம் இருக்கிறது. ஓகஸ்ட்டில் கிழங்கு பிரிக்க வேண்டும். இந்தமுறை வெட்டப்போவது நான். மண் போட்டு மூடமாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லு, குஞ்சு. அன்றைக்கு என் கதவின் கண்ணாடித் துளையில் என் கண் இருந்தது. மூன்றாம் தரம் தட்டிவிட்டு நீ நேரே அதைப் பார்த்தாய். நான் உள்ளே நின்றது உனக்குத் தெரியுமா?