வானத்தைப் பார்க்கும் நான்கு விளக்குகள்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் உயரமான கம்பத்தில் பதினாறு விளக்குகள். பன்னிரண்டு தரையைப் பார்க்கின்றன, நான்கு வானத்தைப் பார்க்கின்றன. வானத்தில் எந்தக் கன்டெய்னரை இறக்குகிறார்கள் என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. துறைமுகத்தில் சரக்கு எண்ணியே ஓய்வுபெற்றவன் நான். மாடியில் நின்று நட்சத்திரம் எண்ணுவதுதான் மிஞ்சியிருக்கும் வேலை. அமாவாசையன்று எண்ணினேன்: ஆறு.

அடுத்த வாரம், நார்வேயின் வடகோடியில் இருக்கும் மகள் ஒரு படம் அனுப்பினாள். வானிலைச் செயற்கைக்கோள் இரவில் எடுத்தது. அவள் ஊருக்கு மேல் துருவ ஒளி, உதறிப் போட்ட வேட்டிபோல் மடிப்பு மடிப்பாகக் கிடந்தது.

"பச்சைன்னு சொன்னியே?"

"கீழேருந்து பாத்தா பச்சைப்பா. இந்தக் கேமரால ராத்திரி கறுப்பு வெள்ளைதான்."

அவள் படம் எடுத்த இணையதளத்திலேயே நம் கரையைத் தேடினேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை ஒரே வெள்ளைத் திட்டு. அங்கே வானம் ஒளிர்கிறது. இங்கே நாம் வானத்தின் முகத்தில் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறோம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

நேராக யார்டுக்குப் போய் மேஸ்திரியிடம் போனை நீட்டினேன். அன்று பார்த்து ஆயுத பூஜை. விளக்குக் கம்பத்துக்கே சந்தனம், குங்குமம், மாலை.

"அந்த நாலு விளக்கையும் கீழே திருப்புங்க. வெளிச்சம் எங்க வரைக்கும் போகுது பாருங்க."

"இன்னா நைனா, நம்ம யார்டா இது? டேய், இங்க வாங்கடா! நம்ம லைட்டு சேட்டிலைட்ல வந்துகீதுடா!"

ஏழு பேர் ஓடிவந்தார்கள். ஏழு பேரும் என் போனிலிருந்து படத்தை அனுப்பிக்கொண்டார்கள்.

"இது பெருமை இல்லப்பா, கேடு!"

"பூசை போட்ட கம்பத்த இன்னிக்கித் தொடக்கூடாது பெர்சு. நாளிக்கி திருப்பிக்கலாம். பேஜார் பண்ணாத, பொரி துன்னு."

மறுநாள் ஓர் ஆள் ஏறினான், திருப்பினான். இப்போது நான்கும் செங்குத்தாக மேலே பார்க்கின்றன. கத்திக்கொண்டே போனேன். ஆபீஸ் அறையில், சாமி படத்துக்குப் பக்கத்தில், குங்குமம் வைத்து அந்தச் செயற்கைக்கோள் படம் ஒட்டியிருந்தது.

"கீழ திருப்பச் சொன்னேனே, காது கேக்கலையா?"

"கீழ திருப்புனா மேலேந்து எப்டி தெரியும், நைனா? அட்த்த போட்டோல இன்னும் பளிச்சுனு வரும் பாரு."

அடுத்த அமாவாசைக்கு எண்ணினேன்: இரண்டு. அதில் ஒன்று நட்சத்திரமே இல்லை, கிரகம் என்கிறாள் மகள்.