சந்தனம் பட்ட மூடி

“சரஸ்வதி பூசைக்கு மறுநாள், செவ்வாய். வசந்தியின் கருவி கசிந்தது. எனக்குச் சந்தோஷம்.” இவை என் நாட்குறிப்பின் வரிகள்.

பதுளையில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் இருவரும் வேலை செய்தோம். எனக்கு ஊர் லுணுகலை, அவளுக்கு ஹல்துமுல்லை. இருவரும் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள். ஐதரசனைக் கடுங்குளிராக்கும் வெப்பப் பரிமாற்றியை ஆளுக்கொன்றாக வடிவமைத்திருந்தோம். எது சிறந்ததோ, அதைச் செய்தவர் வெளிநாட்டில் உண்மையான ஐதரசனில் சோதிக்கப் போகலாம். இங்கே, மாடுகளின் செயற்கைச் சினையூட்டலுக்கு வரும் திரவ நைதரசனை வாங்கித்தான் குளிரூட்டிப் பார்த்தோம்.

என்னுடையது தாங்கியது. அவளுடையதில் குளிர ஆரம்பித்ததும் அழுத்தம் மளமளவென்று இறங்கியது.

“சிரிக்கணும்னா சிரிச்சிருங்கண்ணே, அடக்குனா வயிறு வலிக்கும்” என்றாள் வசந்தி.

“ச்சே, எனக்கும் கவலதான்” என்றேன்.

அவள் மூடியைக் கழற்றினாள். கசிவைத் தடுக்கும் வளையம் படிய வேண்டிய இடத்தில் காய்ந்த சந்தனம். அவள் வராத பூசையன்று எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்தவன் நான். கழற்றிக் கிடந்த அவளுடைய மூடிக்கும் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“சாமிக்கும் குளிரும்ல” என்று சிரித்தபடி துடைத்தாள். அறிக்கையில் ‘இணைப்பில் அழுக்கு’ என்று மட்டும் எழுதினாள். மறுசோதனையில் அது கசியவில்லை. என்னுடையதைவிட வேகமாகக் குளிர்ந்தது. வெளிநாட்டுக்கு அவளே போனாள்.

என் பெயரை எழுதியிருந்தால் அவளை வெறுத்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை. அவள் அனுப்பும் படங்களைப் பொறாமையோடு பெரிதாக்கிப் பார்க்கிறேன். கடைசிப் படத்தில், கருவியின் வெளிப்பக்கத்தில், ஒரு சந்தனப் பொட்டு. அன்று வைத்தது என் விரல் என்று அவளுக்குத் தெரியுமா? இன்றுவரை கேட்டு உறுதிப்படுத்தவில்லை.